ஏனையவை மாறாதிருக்க: நெருக்கடிக்குள் இருந்து பேரினப் பொருளியல் படிக்கும் மாணவிக்கு

கேள்வி (இலங்கை, 2022 இறுதி):

பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம் படிக்கிறேன், கலைப்பீடம். ஊர் முல்லைத்தீவுக் கரையோரம். அப்பா கடற்றொழில் செய்கிறார். ஓகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபா ஆனபிறகு கிழமையில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகிறார். நான் விடுதியில் இருந்து பேரினப் பொருளியல் (முழு நாட்டின் பொருளாதாரத்தையும் மொத்தமாகப் பார்க்கும் பாடம்) அறிமுகம் படிக்கிறேன். பொருளாதாரம் சுருங்கினால் அரசு செலவைக் கூட்ட வேண்டும், வரியைக் குறைக்க வேண்டும், வட்டியைக் குறைக்க வேண்டும் என்று குறிப்பில் இருக்கிறது. நாட்டில் மூன்றும் தலைகீழாக நடக்கிறது. எது சரி? வீட்டுக்குப் போனால் அப்பா, "பொருளாதாரம் படிக்கிறாய்தானே, எப்ப சாமான் விலை குறையும்?" என்று கேட்கிறார். பதில் சொல்லத் தெரியாமல் வெட்கமாக இருக்கிறது. மகாபொலப் புலமைப்பரிசிலாகக் கிடைக்கும் 5,000 ரூபா சாப்பாட்டுக்கே காணாது. விடுதிச் செலவுக்காக அம்மா காப்பை அடகு வைத்திருக்கிறா. அடுத்த வருடம் பொருளியலை விட்டுவிட்டு வேறு பாடம் எடுக்கலாமா?

பதில்:

அன்புள்ள பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். இருபது வருடத்துக்கு மேலாக இந்தப் பாடத்தை முதலாம் வருட மாணவர்களுக்குப் படிப்பித்து வருகிறேன். குறிப்பில் இருப்பதும் நாட்டில் நடப்பதும் ஏன் எதிரெதிராக இருக்கின்றன என்று நீங்கள் கேட்டிருப்பது, பாடத்தின் நடு மையத்தில் இருக்கும் கேள்வி. அதைக் கேட்டதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

உயர்தரத்தில் பொருளியல் எடுத்திருந்தால் "ஏனையவை மாறாதிருக்க" (நாம் பார்க்கும் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது) என்ற சொற்றொடரை நூறு தடவையாவது எழுதியிருப்பீர்கள். கேள்வி வளையி (எந்த விலையில் எவ்வளவு வாங்குவார்கள் என்று காட்டும் கோடு) கீறுவதற்கு முன் கை தானாக அதை எழுதிவிடும். எழுதிய பிறகு யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. சாதாரண காலத்தில் அதனால் பெரிய நட்டம் இல்லை. ஆனால் 2022 இல் இந்த நாட்டில் அந்த "ஏனையவை" அத்தனையும் ஒரே நேரத்தில் மாறின. உங்கள் குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது.

குறிப்பில் இருக்கும் முதல் மாதிரியை எடுங்கள். வருமானமும் செலவும் சமமாகும் 45 பாகைக் கோடு, அதன்மேல் நுகர்வும் முதலீடும் அரசசெலவும் சேர்ந்த கோடு. அந்தப் படம் எந்த நாட்டைப் பற்றியது? அங்கே தொழிற்சாலைகள் சும்மா கிடக்கின்றன, ஆட்கள் வேலையில்லாமல் இருக்கிறார்கள், விலை அசையாமல் நிற்கிறது. பொருட்களைச் செய்யத் தேவையான எல்லாம் உள்நாட்டிலேயே இருக்கிறது. வாங்க ஆள் இல்லை என்பது மட்டும்தான் குறை. 1930களின் பெருமந்தத்தில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இருந்த நிலைமை ஏறத்தாழ அதுதான். கெய்ன்ஸ் அதைப் பார்த்துத்தான் அரசு செலவழிக்க வேண்டும் என்று வாதிட்டார். அந்த நாட்டுக்கு அந்த மருந்து சரி.

இப்போது உங்கள் அப்பாவின் வள்ளத்துக்கு வாருங்கள். மீனுக்கு வாங்க ஆள் இல்லாததாலா அவர் கரையில் இருக்கிறார்? இல்லை. எஞ்சினுக்கு எண்ணெய் கட்டுபடியாகவில்லை. ஒரு தடவை கடலுக்குப் போய்வர 20 லீற்றர் என்று வையுங்கள். முன்பு 1,740 ரூபா. இப்போது 6,800 ரூபா. வலை வீசுவதற்கு முன்பே 5,060 ரூபா கூடுதலாகப் போய்விடுகிறது. பிடிபாடு மோசமான நாளில் அது கைநட்டம். அதனால் ஆறு நாள் போனவர் மூன்று நாள் போகிறார். சந்தைக்கு வரும் மீன் குறைகிறது, மீன் விலை ஏறுகிறது, அப்பாவின் வருமானமோ இறங்குகிறது. உற்பத்தி குறைந்து விலை ஏறும் இந்த நிலையைப் படத்தில் காட்ட வேண்டுமென்றால் கூட்டுக் கேள்வி (நாடு முழுவதும் வாங்க விரும்பும் அளவு) வளையியைத் தொடவே தேவையில்லை. கூட்டு நிரம்பல் (நாடு முழுவதும் விற்க முன்வரும் அளவு) வளையி இடப்பக்கம் நகர்ந்திருக்கிறது. உங்கள் குறிப்பில் இது பின்னாலுள்ள அத்தியாயமாக இருக்கும், பரீட்சைக்கு முன் அவசரமாக முடிக்கப்படும் அத்தியாயம். தேக்கவீக்கம் என்று அதற்குப் பெயர். 1973 இல் எண்ணெய் விலை பாய்ந்தபோது பணக்கார நாடுகளும் இதில் மாட்டிக்கொண்டன.

என் சொந்த அனுபவத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் முதலாம் வருடம் படித்தது 1990களின் தொடக்கத்தில், யாழ்ப்பாணத்தில், போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள். ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டு, அந்த விளக்கில்தான் படித்தோம். வாகனங்களும் மண்ணெண்ணெயில்தான் ஓடின, தொடக்கிவிட மட்டும் சில துளி பெற்றோல். கேள்வி கூடினால் விலை கூடும் என்று விளக்கு வெளிச்சத்தில் வாசித்துக்கொண்டிருந்த எனக்கு, யாருடைய கேள்வியும் கூடாமல் விலை மட்டும் மேலே போவது கண்முன்னால் தெரிந்தது. நிரம்பல் வளையி எப்படி நகரும் என்பதை நான் வகுப்பில் படிக்கவில்லை, அந்தப் போத்தலில் எண்ணெய் மட்டம் இறங்குவதைப் பார்த்துப் படித்தேன். அதனால்தான் உங்கள் வீட்டுக் கதையைப் பாடத்துக்கு வெளியே நிற்கும் கதையாக நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, வட்டிக்கு வருவோம். 2022 ஏப்ரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வீதம் 7.5 இலிருந்து 14.5 ஆனது, யூலையில் 15.5. 2022 இரண்டாம் காலாண்டில் பொருளாதாரம் 8.4 சதவீதம் சுருங்கியதாக அறிவிக்கப்பட்டது. சுருங்கும் பொருளாதாரத்தில் வட்டியைக் கூட்டுவது முதல் மாதிரியின்படி பார்த்தால் கொடுமை. அப்படியானால் ஏன் செய்தார்கள்?

நாட்டில் தட்டுப்பாடு ரூபாவுக்கு இல்லை, டொலருக்கு. சுற்றுலாவில் 2018 இல் 4.4 பில்லியன் டொலர் வந்தது. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலும் பிறகு கொவிட்டும் சேர்ந்து 2021 இல் அது அரை பில்லியனாகச் சுருங்கியது. வெளிநாட்டில் வேலைசெய்பவர்கள் அனுப்பும் பணம் 2020 இல் 7.1 பில்லியன், 2021 இல் 5.5 பில்லியன். அனுப்புவதை மக்கள் நிறுத்தவில்லை. வங்கியில் டொலர் 200 ரூபாவைச் சுற்றிக் கட்டிவைக்கப்பட்டிருந்தது, வெளியில் அதைவிடக் கூடக் கிடைத்தது, அதனால் பெருந்தொகை உண்டியலால், அதாவது வங்கிக்கு வெளியே கைமாறும் வழியால், வந்தது. உங்கள் ஊரில் கனடாவிலும் பிரான்சிலும் பிள்ளைகள் உள்ள எந்த வீட்டிலும் கேட்டுப் பாருங்கள், சென்மதி நிலுவை (நாட்டுக்குள் வரும், வெளியே போகும் பணத்தின் கணக்கு) அத்தியாயத்தின் பாதியை அவர்களே சொல்லித் தருவார்கள். 2019 முடிவில் 7.6 பில்லியனாக இருந்த வெளிநாட்டு ஒதுக்கு 2021 முடிவில் 3.1 பில்லியன். 2022 மார்ச்சில் ரூபாவைக் கட்டிவைக்க முடியாமல் விட்டார்கள், மே மாதத்துக்குள் டொலர் 360 ரூபா வரை போனது. ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது.

இப்படி ஒரு நாட்டில் வட்டியைக் குறைத்துக் கையில் ரூபாவைக் கூட்டிக் கொடுத்தால் என்ன நடக்கும்? அந்த ரூபா கடைசியில் எரிபொருளாகவும் மருந்தாகவும் கோதுமை மாவாகவும் டொலரைத்தான் தேடிப் போகும். டொலர் இல்லாத இடத்தில் அதன் விலையை மட்டும் இன்னும் ஏற்றிவிடும். வட்டி உயர்வு அந்த ஓட்டத்தைத் தடுக்கப் போட்ட கட்டை. அதைப் போட்டவர்களுக்கு அதன் வலி தெரியாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வலி எங்கே விழுகிறது என்பதை நீங்கள் எழுதத்தான் வேண்டும். கடன் வாங்கி வலை வாங்கியவர், கடையை விரிவாக்கியவர், அடகுக்கடை வாசலில் நிற்கும் தாய் என்று அது இறங்கிக்கொண்டே போகும். உங்கள் அம்மாவின் காப்புக்குக் கட்டும் வட்டியும் மத்திய வங்கி அன்று எடுத்த முடிவும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள்.

வரிக் கதையும் இதேபோலத்தான். 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரியை 15 இலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தார்கள். அடுத்த மாதம் சம்பளத்தில் பிடிக்கும் வரியையும் எடுத்துவிட்டார்கள். உங்கள் குறிப்பில் உள்ள வரிப் பெருக்கியை (வரி குறைந்தால் செலவும் வருமானமும் சுற்றிச் சுற்றிக் கூடும் என்ற கணக்கை) அப்படியே செய்து பார்த்ததுபோல. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 12 சதவீதத்துக்குக் கிட்ட இருந்த வரி வருமானம் 2020 இல் 8 சதவீதமளவுக்கு இறங்கியது. கொவிட் வந்து மக்கள் வீட்டுக்குள் இருந்தார்கள், செலவழிக்க வழியே இல்லை. கடன் தரப்படுத்தும் நிறுவனங்கள் நாட்டைக் கீழிறக்கின, வெளிச்சந்தையில் கடன் வாங்கும் கதவு மூடியது. பற்றாக்குறையை நிரப்பப் புதிதாகப் பணம் அச்சிடப்பட்டது. பெருக்கி வேலை செய்ய வேண்டுமானால் அரசால் தொடர்ந்து கடன் வாங்க முடிய வேண்டும் என்பது குறிப்பில் சொல்லப்படாமல் கிடக்கும் ஓர் எடுகோள். அந்த எடுகோள் உடைந்தபோது சூத்திரமும் உடைந்தது. 2022 செப்ரெம்பரில் பெறுமதி சேர் வரி மறுபடியும் 15 சதவீதமானது.

ஒன்றைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. மண்ணெண்ணெயை அடக்கவிலைக்குக் கீழே நெடுநாள் விற்க முடியாது என்பது கணக்கில் சரி. ஆனால் சிறு வள்ளக்காரருக்கு ஒரே இரவில் நான்கு மடங்கு என்பது சரியல்ல. விலை ஏறிய அதே நாளில் உதவியும் அவர்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். இதை அரசியல் பேச்சு என்று யாராவது உங்களிடம் சொன்னால், இதுவும் பொருளியல்தான் என்று சொல்லுங்கள். மொத்தத்தில் சரியாக வரும் ஒரு கணக்கு யார் தலையில் விழுகிறது என்று கேட்பதும் பாடத்தின் பகுதிதான். பேரினப் பொருளியல் சராசரிகளில் பேசுவதால் அதை மறந்துவிடுவது மிகச் சுலபம்.

அப்புறம் அப்பாவின் கேள்வி. அவர் உங்களிடம் கேட்டது பரீட்சைக் கேள்வி மாதிரித்தான், ஆனால் பல பட்டதாரிகளே தவறாகப் பதில் சொல்லும் கேள்வி. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி 2022 செப்ரெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம். ஒக்ரோபரில் 66. உடனே "பணவீக்கம் குறைந்தது" என்று செய்தி வரும். அப்பா அதைக் கேட்டுவிட்டுக் கடைக்குப் போனால் ஒன்றும் குறைந்திருக்காது. போன வருடம் 100 ரூபாவாக இருந்த சாமான் கூடை இந்த வருடம் 170 ரூபா. அடுத்த வருடம் பணவீக்கம் 10 சதவீதமாக இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நல்ல செய்திதான். ஆனால் கூடை 187 ரூபா. வேகம் குறைந்திருக்கிறது, உயரம் குறையவில்லை. பஸ் மெதுவாகப் போவதற்கும் பின்னால் வருவதற்கும் உள்ள வித்தியாசம்.

ஆகவே அப்பாவிடம் உண்மையைச் சொல்லுங்கள். "அப்பா, மரக்கறி, மீன், எண்ணெய் மாதிரிச் சில சாமான் ஏறி இறங்கும். ஆனால் மொத்தமாகப் பார்த்தால் விலை பழைய இடத்துக்குத் திரும்பி வராது. ஏறுகிற வேகம்தான் குறையும். எங்கட வருமானம் அதைப் பிடித்துக்கொண்டு மேலே வருமா என்பதுதான் கேள்வி." அவருக்கு இது ஆறுதலாக இருக்காது. ஆனால் விலை இறங்கும் என்று காத்திருந்து எஞ்சின் திருத்தத்தையோ வலை வாங்குவதையோ தள்ளிப்போடாமல் இருக்க இது உதவும். எந்த மாதம் என்று கேட்டால், எனக்குத் தெரியாது என்று சொல்லுங்கள். சர்வதேச நாணய நிதியத்துடன் 2022 செப்ரெம்பர் 1 ஆம் திகதி 2.9 பில்லியன் டொலருக்கு அலுவலர் மட்ட உடன்பாடு, அதாவது முதற்கட்ட இணக்கம்தான் வந்தது, இந்தக் கடிதம் எழுதும்போது கடன்கொடுத்தவர்களுடன் பேச்சு இனித்தான். திகதி சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

மகாபொலவையும் ஒரு பயிற்சியாக எடுங்கள். 5,000 ரூபா என்பது பெயரளவுப் பெறுமதி. 1.698 ஆல் வகுத்தால் 2,945 ரூபா வரும். போன வருட விலையில் உங்கள் கையில் இருப்பது அதுதான். இரண்டாயிரத்துச் சொச்சம் யாரும் பறிக்காமலே போய்விட்டது. பெயரளவுக்கும் மெய்க்கும் உள்ள வேறுபாட்டுக்கு இதைவிட நல்ல உதாரணம் எந்தப் பாடநூலிலும் கிடைக்காது, பரீட்சையில் இதையே எழுதுங்கள்.

அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 69.8 என்பது கொழும்பு மாவட்டத்து நகரக் கூடை. அதில் உணவுக்கு நிறை (மொத்தச் செலவில் அதன் பங்கு) 28 சதவீதமளவில்தான். தேசிய சுட்டெண்ணில் 44 சதவீதமளவில், அதன்படி செப்ரெம்பர் பணவீக்கம் 73.7. கொழும்புச் சுட்டெண்ணில் உணவுப் பணவீக்கம் மட்டும் 94.9. வருமானத்தில் பெரும்பகுதி சாப்பாட்டுக்குப் போகும் உங்கள் வீட்டின் பணவீக்கம் அறிவிக்கப்படும் எந்த எண்ணையும் விடக் கூட இருக்கும் என்று நினைக்கிறேன். நினைப்பதோடு நிற்க வேண்டாம், கணக்குப் பாருங்கள். ஒரு பழைய கொப்பியை எடுங்கள். அரிசி, மா, பருப்பு, சீனி, தேங்காய், மண்ணெண்ணெய், பஸ் காசு, சவர்க்காரம் என்று வீட்டில் உண்மையில் வாங்கும் பத்துப் பன்னிரண்டு சாமானை எழுதுங்கள். போன வருட விலை அம்மாவுக்கு ஞாபகம் இருக்கும். கடைக்காரரின் கடன் கொப்பியில் அச்சொட்டாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் மாதம் எவ்வளவு போகிறது என்பதை நிறையாகப் போடுங்கள். அடியாண்டு (ஒப்பிடத் தொடங்கும் வருடம்), நிறை, சுட்டெண் மூன்றும் அன்றைக்கே விளங்கிவிடும்.

பரீட்சை பற்றி ஒரு வார்த்தை. விரிவுரையாளருடன் சண்டை பிடிக்க வேண்டாம், குறிப்பை மனப்பாடம் செய்து அப்படியே ஒப்புவிக்கவும் வேண்டாம். பின்னடைவுக் காலக் கொள்கை பற்றிக் கேட்டால் முதல் வரியில் மாதிரியின் எடுகோள்களை எழுதுங்கள். விலை நிலையானது, வளங்கள் பயன்படாமல் உள்ளன, மூடிய (வெளிநாட்டு வர்த்தகம் இல்லாத) பொருளாதாரம் என்று. அந்த எடுகோள்களின் கீழ் விரிவாக்க இறைக் கொள்கை (அரசு செலவைக் கூட்டி வரியைக் குறைப்பது) ஏன் வேலை செய்யும் என்று படம் கீறிக் காட்டுங்கள். பிறகு எடுகோளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு இலங்கைக்கு வாருங்கள். விடைத்தாள் திருத்துபவன் என்ற முறையில் சொல்கிறேன், எடுகோளில் தொடங்கும் விடையைக் கண்டால் பேனா தானாக நல்ல புள்ளி போடும். மத்திய வங்கியின் ஆண்டறிக்கை தமிழிலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் நம் பாடத்தைப் பேரண்டப் பொருளாதாரம் என்று எழுதியிருப்பார்கள், பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், அதே பாடம்தான். முழுவதும் வாசிக்கத் தேவையில்லை, விலைகள் பற்றிய பகுதியும் வெளிநாட்டுத் துறை பற்றிய பகுதியும் போதும்.

பொருளியலை விடலாமா என்று கேட்டீர்கள். இரண்டு காரணங்களைப் பிரித்துப் பாருங்கள். "எனக்குப் பதில் தெரியவில்லை, அதனால் விடுகிறேன்" என்றால் விடாதீர்கள். முதலாம் வருடத்தில் அப்பாவின் கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, அவரும்தான். "இதைப் படித்து வேலை கிடைக்குமா" என்பது நியாயமான பயம். அதற்கு என் பதில், பொருளியலோடு புள்ளிவிபரவியலையோ கணக்கியலையோ சேர்த்துக்கொள்ளுங்கள், கணினியில் விரிதாளைக் கையாளப் பழகுங்கள். வெறும் கோட்பாடு மட்டும் தெரிந்த பட்டதாரிக்கு வேலை தேடுவது கடினம் என்பதை மறைக்க மாட்டேன். கரையோரத்து வீட்டுக் கணக்கும் தெரிந்து, மத்திய வங்கி அறிக்கையையும் வாசிக்கத் தெரிந்த ஆட்கள் நம்மிடம் மிகக் குறைவு என்பதையும் மறைக்க மாட்டேன். நீங்கள் அப்படி ஆவதை நான் மனதார விரும்புகிறேன்.

அதைவிட அவசரமானது காப்பு. அடகுச் சீட்டில் தவணைத் திகதி எப்போது என்று இந்தக் கிழமையே பாருங்கள். முழுதாக மீட்க முடியாவிட்டாலும் வட்டியையாவது கட்டித் திகதியை நீட்டலாம். திகதி தவறினால் காப்பு ஏலத்துக்குப் போய்விடும். ரூபா விழுந்ததால் தங்கத்தின் விலை ஏறியிருக்கிறது, அதை இழந்தால் திரும்ப வாங்க இரண்டு மடங்கு உழைக்க வேண்டும். அடகை மீட்க நுண்கடன் எடுக்கலாம் என்று யாராவது வீட்டு வாசலுக்கு வந்தால் அம்மாவைக் கையெழுத்துப் போட விடாதீர்கள். வன்னியில் அந்தக் கடன்களால் பெண்கள் பட்ட பாடு உங்களுக்கு என்னைவிடத் தெரியும். பீடத்தில் மாணவ ஆலோசகரிடம் போய் நிலைமையைச் சொல்லுங்கள். கேட்கும் பிள்ளைகளுக்குத்தான் பழைய மாணவர் உதவி வழிகள் திறக்கும், பலர் கூச்சப்பட்டுக் கேட்காமலே போய்விடுகிறார்கள்.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அந்தக் கொப்பியைக் கொண்டுபோங்கள். விலையோடு சேர்த்து, அப்பா ஒவ்வொரு மாதமும் எத்தனை நாள் கடலுக்குப் போனார் என்பதையும் கேட்டு எழுதுங்கள், சனவரியிலிருந்து. அந்த இரண்டு நிரல்களையும் எனக்கு அனுப்பினால் சுட்டெண்ணைச் சேர்ந்தே கணக்குப் பார்ப்போம்.